ஓதம் அறிந்து மடை திறத்தல்



தெலுக் இந்தானுக்கு வந்தவர் எவரும் சாய்ந்த கோபுரத்தைப் பார்க்காமல் திரும்புவதில்லை. 1885ஆம் ஆண்டில் லியோங் சூன் சோங் என்னும் சீனக் கட்டட நிபுணர் எழுப்பிய கோபுரம் அது. அப்போது இவ்வூருக்குத் தெலுக் ஆன்சன் என்று பெயர். இன்றைய பெயர் 1982இல் வந்தது. வெளியிலிருந்து பார்த்தால் எட்டு அடுக்கு, உள்ளே ஏறினால் மூன்றே தளம். உயரம் 25 மீட்டருக்குச் சற்று அதிகம். அந்தக் கோபுரம் எதற்காகக் கட்டப்பட்டது என்று பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டால், "மணி பார்க்க" என்பார்கள். அது பாதி விடைதான். மேலே கடிகாரம் இருந்தது. உள்ளே ஊருக்கான தண்ணீர்த் தொட்டி இருந்தது. வறட்சிக்கும் தீ விபத்துக்கும் என்று நீரைச் சேர்த்து வைத்தார்கள். அடியில் இருந்த மண் மெத்தென்ற மண். கட்டடத்தின் பாரமும் நீரின் பாரமும் தாங்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

தண்ணீரும் நேரமும் ஒரே கூரையின்கீழ் இருந்தன என்பதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். இன்று நாம் பேசப்போவது அதைப் பற்றித்தான். ஆனால் குடிநீரைப் பற்றியல்ல. நாம் பயன்படுத்திக் கழித்துவிட்ட நீரைப் பற்றி. கழிவுநீர் எப்போது வரும், எவ்வளவு வரும், எப்போது வெளியே விடலாம் என்று முன்கூட்டியே அறிந்து, அதற்கேற்றபடி மடையையும் குட்டையையும் ஆள்வதற்கு மனிதன் எப்படிக் கற்றுக்கொண்டான் என்பதே நம் கதை.

நம் தோட்டங்கள் இருக்கும் இடம் பேராக் ஆற்றின் கடைசிப் பகுதி. நிலம் தட்டை. கடலில் ஓதம் ஏறினால் ஆறும் ஏறும். ஓதம் இறங்கினால் ஆறும் இறங்கும். ஆகையால்தான் இங்கே கரை கட்டி, கால்வாய் வெட்டி, ஆற்றோரம் மடைக்கதவு வைத்துத் தோட்டம் போட்டார்கள். கதவின் வேலை எளிது. வெளியே நீர் உயர்ந்தால் அது தானாகச் சாத்திக்கொள்ளும். வெளியே தாழ்ந்தால் உள்ளே நிற்கும் நீர் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். ஏறக்குறைய பன்னிரண்டு மணி இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒரு முறை இது நடக்கிறது. இன்று காலை ஆறு மணிக்குக் கதவு திறந்தால், நாளை காலை ஏறக்குறைய ஆறு ஐம்பதுக்குத்தான் திறக்கும். சந்திரன் நாள்தோறும் அவ்வளவு பிந்தி வருவதால் நீரும் பிந்துகிறது. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் ஓதம் பெரிது என்பதை நம் வீட்டுப் பெரியவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பெரியவர்கள் அனுபவத்தால் அறிந்ததைக் கணக்காக்கி, பொறியில் ஏற்றியவர் ஒருவர் உண்டு. பின்னாளில் கெல்வின் பிரபு என்று பெயர் பெற்ற வில்லியம் தாம்சன், 1872ஆம் ஆண்டையொட்டி ஓதத்தை முன்னறியும் பொறி ஒன்றை வடிவமைத்தார். சந்திரனின் இழுப்புக்கு ஒரு சக்கரம், சூரியனின் இழுப்புக்கு ஒரு சக்கரம் என்று பல சக்கரங்கள். அவற்றையெல்லாம் சுற்றிச் செல்லும் ஒரு கயிறு. கயிற்றின் முனையில் ஓர் எழுதுகோல். கைப்பிடியைச் சுழற்றினால், ஓராண்டுக்கு உரிய ஓதத்தின் ஏற்ற இறக்கம் காகிதத்தில் வளைகோடாக விழும். இந்தியத் துறைமுகங்களுக்கென்றே 1879இல் அப்படியொரு பொறி லண்டனில் செய்யப்பட்டது. இன்று நாம் கடையில் வாங்கும் ஓத அட்டவணைக்கு அந்தப் பொறிதான் பாட்டன்.

ஓதத்தை அறிந்துகொண்ட மனிதன் முதலில் அதை எதற்குப் பயன்படுத்தினான்? கப்பலுக்கு என்பார்கள், அது உண்மை. ஆனால் சாக்கடைக்கும் பயன்படுத்தினான். 1858ஆம் ஆண்டுக் கோடையில் லண்டன் மாநகரின் தேம்ஸ் ஆறு நாற்றம் தாங்க முடியாததாகி, ஆற்றோரம் இருந்த நாடாளுமன்றத்தின் சன்னல்களில் மருந்து தோய்த்த திரை போடும் நிலை வந்தது. அதன்பின் ஜோசப் பசல்ஜெட் என்னும் பொறியாளர் நகரத்துக்கு அடியில் பெருஞ்சாக்கடைகளைக் கட்டினார். இன்றுள்ள மக்களுக்கு மட்டும் போதும் என்று அளக்காமல், வரப்போகும் மக்களையும் எண்ணி அவர் குழாய்களின் அளவை முடிவு செய்தார். நகரத்துக் கழிவெல்லாம் கிழக்கே பெக்டன், கிராஸ்னஸ் என்னும் இரண்டு இடங்களுக்கு ஓடிவந்தது. அங்கே பெரிய தேக்கங்களில் அதைப் பிடித்து வைத்தார்கள். ஓதம் உச்சிக்கு ஏறி இறங்கத் தொடங்கும் வேளை பார்த்து மடையைத் திறந்தார்கள். இறங்குகிற நீர் கழிவைக் கடலுக்கு இழுத்துச் சென்றுவிடும் என்பது ஏற்பாடு.

எவ்வளவு புத்திசாலித்தனமான ஏற்பாடு என்று தோன்றுகிறதல்லவா? அந்த ஏற்பாட்டினால் நகரத்துக்குள் காலராக் கொடுமை ஒழிந்தது. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் 1878ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் மாலை நடந்ததையும் கேளுங்கள். பிரின்சஸ் ஆலிஸ் என்னும் உல்லாசக் கப்பல், பிள்ளைகுட்டிகளோடு ஊர் திரும்பிக்கொண்டிருந்த குடும்பங்களை ஏற்றிக்கொண்டு தேம்ஸில் வந்தபோது, மற்றொரு கப்பல் மோதிப் பிளந்துவிட்டது. அறுநூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். விபத்து நேர்ந்த இடம் அந்தக் கழிவு மடைகளுக்கு அருகில். சற்று முன்புதான் அட்டவணைப்படி மடைகள் திறந்துவிடப்பட்டிருந்தன. மக்கள் விழுந்தது ஆற்றில் அல்ல, சாக்கடையில். ஓதம் கழிவை இடம் மாற்றியதே தவிர, தூய்மை செய்யவில்லை. தன் வீட்டுக் குப்பையை அடுத்த வீட்டு வாசலில் கொட்டுகிறவன், நேரம் பார்த்துக் கொட்டினால் மட்டும் நல்லவன் ஆகிவிட மாட்டான். லண்டன்காரர்களும் அதன்பிறகுதான் கசட்டைப் படியவைத்துத் தனியே பிரிக்கும் வேலையில் இறங்கினார்கள்.

இனி நம் நாட்டுக்கு வருவோம்.

ரப்பர்த் தோட்டக் காலத்தில் ஸ்டோரிலிருந்து ஓடிவந்த அமில நீரின் நாற்றத்தை நம் தாத்தா பாட்டிமார் அறிவர். அதன்பின் பால்மரங்கள் பல இடங்களில் சாய்ந்து செம்பனை வந்தது. நம் நாட்டில் செம்பனையை வணிகப் பயிராக முதலில் நட்டது 1917இல், சிலாங்கூரில் உள்ள தென்னமாரம் தோட்டத்தில். 1960களில் ரப்பர் விலை நம்பிக்கை தராமற் போகவே, செம்பனை நாடெங்கும் பரவியது. எண்ணெய் வந்தது, பணம் வந்தது, கூடவே ஆலைக் கழிவும் வந்தது.

ஆலையில் வேலை செய்யும் நேயர்களுக்கு இது தெரிந்த செய்தி: குலையை நீராவியில் அவித்து, பிழிந்து, எண்ணெயைத் தெளிய வைக்கும்போது, கொதிக்கக் கொதிக்கப் பழுப்பு நிறத்தில் ஒரு கூழ் வெளியேறுகிறது. அதில் நஞ்சு ஏதும் கலக்கப்படவில்லை. நீரும் சிறிதளவு எண்ணெயும் பழச்சக்கையுமே அது. பிறகு ஏன் மீன் சாகிறது? ஆற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அந்தச் சக்கையை விருந்தாக உண்கின்றன. உண்ணும்போது நீரிலுள்ள பிராணவாயுவையெல்லாம் இழுத்துக்கொள்கின்றன. மீனுக்கு மூச்சுத் திணறுகிறது. ஒரு லிட்டர் கழிவு எத்தனை மில்லிகிராம் பிராணவாயுவைக் கேட்கிறது என்பதே அதன் கேட்டுக்கு அளவுகோல். பி.ஓ.டி. என்று ஆலையில் சொல்வது இதைத்தான். குளிர்நாடுகளில் இதை 20 பாகை வெப்பத்தில் ஐந்து நாள் வைத்துச் சோதிப்பார்கள். நம் நாட்டுச் சட்டம் 30 பாகையில் மூன்று நாள் என்று வைத்துக்கொண்டது. நம் ஆற்றின் சூடு நம் சோதனையிலும் இருக்க வேண்டும் அல்லவா!

வீட்டுச் சாக்கடையின் பி.ஓ.டி. ஏறக்குறைய இருநூறு, இருநூற்றைம்பது. செம்பனை ஆலைக் கழிவின் பி.ஓ.டி. ஏறக்குறைய 25,000, அதாவது நூறு மடங்கு. ஒரு சிறிய ஆலையையே எடுத்துக்கொள்வோம். மணிக்கு 30 டன் குலை வீதம் இருபது மணி நேரம் ஓடினால், நாளைக்கு 600 டன். டன்னுக்கு 0.6 கனமீட்டர் கழிவு என்று வைத்தால் 360 கனமீட்டர். அது ஆற்றில் நேரே விழுந்தால் ஒரே நாளில் ஒன்பது டன் பிராணவாயுவைக் கேட்கும். ஒன்றரை லட்சம் பேருக்கு மேற்பட்ட ஒரு நகரத்தின் கழிவு கேட்கும் அளவு அது. ஆலைக்கு அருகே லயத்தில் இருப்பதோ நூறு குடும்பம்.

1974இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. செம்பனை ஆலைகளுக்கென்று தனி விதிகள் 1977இல் வகுக்கப்பட்டன. இந்த விதிகளில் ஒரு நுட்பம் இருக்கிறது. நாம் நிதானித்துப் பார்க்கத்தக்கது. ஒரே நாளில் "சுத்தமாக்கு" என்று ஆணையிடவில்லை. 1978 ஜூலையில் பி.ஓ.டி. 5,000க்கு மேற்படக்கூடாது, 1979இல் 2,000, 1980இல் 1,000, 1981இல் 500, 1982இல் 250, 1984இல் 100. படி படியாக இறக்கினார்கள். முதல் ஆண்டில் வரம்பை மீறினாலும் ஆலையை மூடவில்லை. வரம்புக்குள் விடும் சுமைக்கு டன்னுக்கு 10 வெள்ளி, வரம்புக்கு மேல் விடும் சுமைக்கு டன்னுக்கு 100 வெள்ளி என்று கட்டணம் வாங்கினார்கள். குட்டை வெட்டுவது மலிவா, கட்டணம் கட்டுவது மலிவா என்று ஒவ்வோர் ஆலையும் தானே கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியதாயிற்று. இரண்டாம் ஆண்டு முதல் வரம்பு கட்டாயமாயிற்று.

முதல் வரம்பாக 5,000 என்று வைத்தது மிகவும் இளகிய மனம் என்று குறை சொன்னவர்களும் உண்டு. 5,000 என்றால் வீட்டுச் சாக்கடையைப்போல் இருபது மடங்கு. ஆற்றங்கரையில் மீன்பிடித்து வாழ்ந்த கம்பத்து மக்களுக்கு அந்த ஆண்டுகள் சும்மா போகவில்லை. எங்கள் கருத்தைக் கேட்டால், படி வைத்தது சரி, படி ஏறும் காலத்தில் கீழே இருந்தவர்களுக்கு ஈடு வைக்காதது சரியல்ல என்போம். இருந்தாலும் உண்மையை உண்மையாகச் சொல்ல வேண்டும்: அப்போது இந்தக் கழிவைச் சுத்தமாக்கும் முறையே உலகில் எங்கும் தேர்ந்த நிலையில் இல்லை. கிடைத்த அந்த ஆறு ஆண்டுகளில்தான் நம் நாட்டு ஆராய்ச்சியாளர்களும் ஆலைக்காரர்களும் முறையைக் கண்டுபிடித்தார்கள். எண்ணெய் உற்பத்தி கூடிக்கொண்டே போயும், ஆறுகளில் விழுந்த சுமை பெருமளவு குறைந்தது.

கண்ட முறை என்ன? குட்டை. வேறொன்றுமில்லை. ஆலைக்குப் பின்னால் வரிசையாக நீங்கள் பார்க்கும் கறுத்த குட்டைகள்தாம். முதற்குட்டைகளில் காற்றில்லாமலே வாழும் நுண்ணுயிர்கள் கழிவைத் தின்று, எரியும் வாயுவாக மாற்றுகின்றன. அடுத்தடுத்த குட்டைகளில் காற்றை விரும்பும் நுண்ணுயிர்கள் மிச்சத்தை முடிக்கின்றன. இந்தத் தொழிலாளிகளுக்குச் சம்பளம் இல்லை, பெரட்டு இல்லை. அவர்கள் கேட்பது ஒன்றே ஒன்று: காலம்.

குட்டையில் கழிவு எத்தனை நாள் தங்கும் என்பதை நான்காம் வகுப்புப் பிள்ளையும் கணக்கிடலாம். குட்டைகளின் கொள்ளளவை ஒரு நாள் வரவால் வகுக்க வேண்டும். நாம் சொன்ன சிறிய ஆலைக்கு 36,000 கனமீட்டர்க் குட்டைகள் இருந்தால், 360ஆல் வகுக்க, நூறு நாள். நல்ல அவகாசம். ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல அடியில் கசடு படிகிறது. மூன்றில் ஒரு பங்கு கசடாகிவிட்டால் மிஞ்சுவது 24,000. தங்கும் நாள் 67க்குள் வந்துவிடும். அறுவடை உச்சத்தில் ஆலை இருபத்து நான்கு மணி நேரமும் ஓடினால் வரவு 432. தங்கும் நாள் 56க்கும் குறைவு. குட்டைகளின் பரப்பு 9,000 சதுரமீட்டர் என்றால், ஒரே இரவில் பெய்யும் 100 மில்லிமீட்டர் மழை 900 கனமீட்டர் நீரைச் சேர்க்கும். அது ஆலையின் இரண்டரை நாள் வரவுக்குச் சமம். பார்ப்பதற்கு அதே குட்டைதான். கணக்கில் அது பாதிக் குட்டையாகிவிட்டது.

இங்கேதான் முன்னறிவு வேண்டியிருக்கிறது. நம் பகுதியில் குலைகள் மிகுந்து வருவது பெரும்பாலும் ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை. மேற்குக் கரையில் மழை வலுப்பது அக்டோபர், நவம்பர். ஆண்டின் மிகப் பெரிய ஓதங்களுள் சில, பகலும் இரவும் சமமாகும் செப்டம்பர் நாளையொட்டி வருகின்றன. மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுவது ஐப்பசி வாக்கில். அதிலும் நமக்கென்று நான்காவதாக ஒன்று உண்டு: தீபாவளி. விடுமுறைக்கு முன்னே வெட்டிய குலைகளையெல்லாம் பிழிந்து முடிக்க ஆலை இராப்பகலாக ஓடும்.

எங்கள் பிள்ளைப் பிராயத்தில், 1990ஐ ஒட்டிய ஓர் ஆண்டில், இப்படி எல்லாம் கூடிவந்த ஒரு வாரத்தைப் பார்த்தோம். ஆலையின் பெயரும் தோட்டத்தின் பெயரும் இங்கே வேண்டாம். அங்கே குட்டைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருந்தார். பிள்ளைகள் நாங்கள் அவரைக் குட்டை மாமா என்போம். எழுதப் படிக்கத் தெரியாதவர். கடைசிக் குட்டையில் ஒரு மரக்கழியை நட்டு, கத்தியால் வெட்டு வெட்டாக அடையாளம் போட்டிருந்தார். நீர் மூன்றாம் வெட்டைத் தொட்டால் கரை தாங்காது என்பது அவர் கணக்கு. அந்த ஆண்டு ஆடி மாதத்திலேயே அவர் கிராணியிடம் போய், "ஐயா, அடியிலே சேறு ரொம்ப ஏறிடுச்சுங்க. இப்ப வாரினாத்தான் உண்டு. தீபாவளி மாசம் தாங்காதுங்க" என்று சொன்னதாக எங்கள் வீட்டில் பேசிக்கொண்டார்கள். சேறு வாரச் செலவுக்கு அந்த ஆண்டு ஒதுக்கீடு இல்லை என்று விடை வந்ததாம்.

தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு இரவு முழுதும் மழை. வெளியே பெரிய ஓதம்; மடைக்கதவு சாத்திக்கொண்டது. உள்ளே கால்வாய்கள் நிரம்பின. விடியற்காலை குட்டையின் கரை உடைந்தது. லயத்தின் பின்னால் ஓடிய கால்வாய் கறுப்பாகப் பொங்கி, கோழிக் கூண்டுகளுக்கு அடியில் புகுந்தது. மதியத்துக்குள் கெளுத்தியும் விராலும் வெள்ளை வயிறு தெரிய மிதந்தன. அவற்றைப் பொறுக்கப் போன பிள்ளைகளுக்கு வீட்டில் அடி விழுந்தது. பலகாரம் சுடும் வாசத்தை அந்த ஆண்டு யாரும் நுகரவில்லை. அடுத்த மாதம் குட்டை மாமாவைப் புல் வெட்டும் வேலைக்கு மாற்றினார்கள், கரையைச் சரியாகப் பார்க்கவில்லை என்று சொல்லி. எங்கள் தாயார் இன்றும் அதைச் சொல்லி ஆற்றாமைப்படுவார்.

குட்டை மாமா கேட்டது பெரிய அறிவியல் இல்லை. வரப்போகும் வரவை முன்கூட்டியே அறிவது. இடத்தை முன்கூட்டியே ஒழிப்பது. இன்று கணிப்பொறி வைத்துச் செய்கிறவர்களும் இந்த இரண்டையே செய்கிறார்கள்.

வரவை எப்படி அறிவது? அதற்கும் வழி நம் கையிலேயே இருந்தது. செம்பனைப் பூ விரிந்து பழம் கனிய ஏறக்குறைய ஐந்தரை, ஆறு மாதம் ஆகும். ஆகவே குறிப்பிட்ட நிரைகளில் நடந்து, மரத்துக்கு மரம் அண்ணாந்து பார்த்து, கனியாத கருங்குலைகளை எண்ணிக்கொண்டு வந்தால், அடுத்த சில மாதங்களில் எத்தனை டன் வரும் என்று சொல்லிவிடலாம். இந்த எண்ணும் வேலைக்குப் போன பெண்கள் இந்த நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். கழுத்து வலிக்க எண்ணினீர்கள். எதற்கு என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எண்ணெய் விற்பனைக்கும் லாரிக்கும் ஆள் கணக்குக்கும் அந்த எண்ணிக்கை போனது. அதே எண்ணிக்கையை 0.6ஆல் பெருக்கினால், இன்னும் நான்கு மாதம் கழித்துக் குட்டைக்கு எத்தனை கனமீட்டர் வரும் என்பதும் கிடைத்துவிடும். கழிவுநீரைப் பற்றிய முன்னறிவு ஆய்வுக்கூடத்தில் தொடங்குவதில்லை, நிரையில் தொடங்குகிறது.

முன்னறிவும் தவறக்கூடும். 1981ஆம் ஆண்டு வரை செம்பனைப் பூவுக்கு மகரந்தம் தூவும் வேலையை நம் பெண்கள் கையால் செய்தார்கள். அந்த ஆண்டு ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து ஒரு சிறு வண்டைக் கொண்டுவந்து தோட்டங்களில் விட்டார்கள். வண்டு அந்த வேலையை எடுத்துக்கொண்டது, பல பெண்களுக்கு அந்தக் கூலி போயிற்று, குலைகள் கனத்தன. நாட்டின் எண்ணெய் உற்பத்தி 1981இல் ஏறக்குறைய 28 லட்சம் டன். 1982இல் 35 லட்சம் டன். பழைய கணக்கை வைத்துக் குட்டை வெட்டியவர்களுக்குத் திடீரென்று கால் பங்கு கூடுதல் வரவு. அதே 1982இல்தான் சட்டத்தின் வரம்பு 500இலிருந்து 250ஆக இறங்கியது. ஒரு வண்டு எத்தனை கணக்கைக் கலைத்துவிட்டது பாருங்கள்!

வரவு தெரிந்தபின் ஏற்பாடு. அதில் பல வழிகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு. வரவு குறைந்த மார்ச்சுக்குள் கசட்டை வாரிவிடலாம். காய்ந்த கசடு நல்ல உரம். பாதி சுத்தமான நீரை மரங்களுக்கு இடையே வெட்டிய குழிகளில் பாய்ச்சலாம். நிலத்தில் விடுவதற்குச் சட்டம் 5,000 வரை அனுமதித்தது. ஆனால் மழைக்காலத்தில் பாய்ச்சினால் அது மீண்டும் கால்வாய்க்கே வந்துவிடும். உச்ச வாரங்களில் கொஞ்சம் குலையை வேறு ஆலைக்கு அனுப்பலாம். லாரிச் செலவு ஆகும். முழுதும் சுத்தமாகிச் சோதனையில் தேறிய கடைசிக் குட்டை நீரை, மழைக்கு முன்பே வெளியேற்றி இடம் ஒழிக்கலாம். அதற்கு ஓதம் இடங்கொடுக்க வேண்டும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பௌர்ணமி ஓதம் என்றால் நாம் பயப்படுகிறோம். ஆனால் மிக உயரமாக ஏறும் அதே நாளில்தான் ஆறு மிகத் தாழ்வாக இறங்கவும் செய்கிறது. கதவு அதிக நேரம் சாத்தியிருந்தாலும், திறந்திருக்கும் சில மணி நேரத்தில் வடிவது அதிகம். வானம் வெளுத்திருக்கும் பௌர்ணமி நாள் கால்வாயைக் காலி செய்ய நல்ல நாள். அதே பௌர்ணமியில் மழையும் சேர்ந்தால் கெட்ட நாள். இத்தனை வழிகளையும் எடைபோட்டு, குறைந்த செலவில் குறைந்த கேடு எது என்று தேர்வதைத்தான் உகந்த ஏற்பாடு என்கிறார்கள். ஒரே அடுப்பை வைத்துக்கொண்டு சோறு, குழம்பு, பிள்ளைக்கு வெந்நீர், கணவருக்குத் தேநீர் என்று நான்கையும் பெரட்டு மணிக்குள் முடிக்கும் தாய்மார்களுக்கு இது புதிய வித்தையல்ல.

வெளியுலகில் இதைக் கணிப்பொறி செய்வதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தில் சவுத் பெண்ட் என்று ஒரு நகரம். மக்கள் ஒரு லட்சம் பேர் வாக்கில். அங்கே பழைய சாக்கடை. மழைநீரும் வீட்டுக் கழிவும் ஒரே குழாயில் ஓடும். பெருமழை பெய்தால் குழாய் நிரம்பி, கழிவோடு சேர்ந்து ஆற்றில் வழியும். புதிதாகப் பெருங்குழாய்கள் பதிக்கப் பெருஞ்செலவாகும். பக்கத்திலிருந்த நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து, 2008ஆம் ஆண்டளவில் சாக்கடைக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட அளவுக் கருவிகளை வைத்தார்கள். குட்டை மாமாவின் கழியைப் போன்றவைதாம் அவை. வெட்டுக்குப் பதில் மின்னலை, அவ்வளவே. பின்னர் தாமாகத் திறந்து மூடும் மடைகளையும் வைத்தார்கள். நகரின் ஒரு மூலையில் மழை கொட்டும்போது மறு மூலையில் குழாய் காலியாக இருக்கும். அந்தக் காலி இடத்தைக் கணிப்பொறி கண்டறிந்து, கழிவை அங்கே நிறுத்திவைத்து, மெதுவாகச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்பியது. ஆண்டொன்றுக்கு 380 கோடி லிட்டர் அளவுக்கு ஆற்றில் வழிவது குறைந்தது. பதித்த குழாய் பழையது. அதை ஆண்ட முறைதான் புதியது.

நம் தலைநகரத்திலும் இதன் உறவுக்காரர் ஒருவர் இருக்கிறார். கோலாலம்பூரில் 2007இல் திறக்கப்பட்ட ஸ்மார்ட் சுரங்கம் 9.7 கிலோமீட்டர் நீளம். அதன் நடுப்பகுதியில் கார்கள் ஓடும். அது கழிவுக்கு அல்ல, வெள்ளத்துக்கு. சிறு மழையில் நீர் உள்ளே வராது. நடுத்தர மழையில் சாலைக்கு அடியில் உள்ள அறை வழியாக மட்டும் ஓடும். பெருமழை வருகிறது என்று ஆற்றின் அளவுக் கருவிகளும் மழைக் கருவிகளும் சொன்னால், கார்களையெல்லாம் வெளியேற்றி, சுரங்கம் முழுவதையும் நீருக்கே விட்டுவிடுவார்கள். முன்னறிவிப்பு பிந்தினால் சுரங்கத்துக்குள் மனிதர் இருப்பார்கள்; பொய்யாக முந்தினால் நகரமே நெரிசலில் நிற்கும். இப்படி ஒரு கத்திமுனையில் நின்று கதவைத் திறப்பவர்கள் அங்கே பணியாற்றுகிறார்கள்.

நம் தோட்டங்களிலும் இன்று பல மாற்றங்கள். பல ஆலைகள் குட்டைமேல் மூடி போட்டு, எரிவாயுவைப் பிடித்து மின்சாரம் எடுக்கின்றன. அப்படிப் பிடிக்கத் தொடங்கியபின், குட்டைக்குச் சீரான வரவு வேண்டும் என்று நிர்வாகமே கவலைப்படுகிறது. நாற்றமாக இருந்தவரை யாருக்கும் கவலையில்லை. வெள்ளியாக மாறியதும் குட்டைக்கு மரியாதை வந்துவிட்டது!

சென்ற ஆண்டு எங்கள் பள்ளியின் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தோம். ஓத அட்டவணை ஒன்றை வாங்கி, அதில் அச்சிட்டிருக்கும் நேரத்தையும், தோட்டத்து மடைக்கதவு உண்மையில் அசையும் நேரத்தையும் இரண்டு வாரம் எழுதி வரச் சொன்னோம். பெரியவர் ஒருவர் துணையோடு, கரைமேல் நின்று மட்டும் பார்க்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லித்தான் அனுப்பினோம். இரண்டும் ஒத்துவரவில்லை. அட்டவணை பொய் என்று ஒரு பையன் தீர்ப்பே சொல்லிவிட்டான். பிறகு ஒரு பெண் பிள்ளை கண்டுபிடித்தாள்: அட்டவணை கடற்கரைக்குப் போட்டது, ஓதம் அங்கிருந்து ஆற்றில் ஏறி நம் மடைக்கு வந்து சேர நேரமாகிறது. மழை பெய்து ஆறு பெருகிய நாட்களில் இன்னும் பிந்துகிறது. பதினான்கு நாள் குறிப்பையும் வைத்துச் சராசரி எடுத்து, நம் மடைக்கென்று ஒரு திருத்தக் கணக்குப் போட்டார்கள். மழை நாளுக்குத் தனியாக ஒன்று.

அந்தத் தாளைப் பள்ளி வாசல் சுவரில் ஒட்டியிருக்கிறோம். பிள்ளைகளை விட வரும் தகப்பன்மார், மாலையில் தூண்டிலோடு கரைக்குப் போகுமுன் அதைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். எழுத்துப் பிழை இரண்டு இருக்கிறது. மணி சரியாக இருக்கிறது.